சர்வர் கான்ஃபிக் ஃபைலை டெர்மினலில் திருத்துவது: நானோ, விம் முழுமையான வழிகாட்டி

மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவிப்பு வந்த நாள். காலை 9 மணிக்கு மின்சாரம் போகும். யுபிஎஸ் தாங்குகிற வரைக்கும் தாங்கும், பிறகு சர்வர் அணையும். சாயங்காலம் மின்சாரம் திரும்பும்போது சர்வர் தானாக எழ வேண்டும். எழாது. அன்றைக்கு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தொட்டது மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகும் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி? லினக்ஸில் பெரும்பாலான சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்கள்) தங்கள் கான்ஃபிக் ஃபைலை, அதாவது எப்படி ஓட வேண்டும் என்று எழுதிய ஃபைலை, ஓடத் தொடங்கும்போது ஒரு முறை படிக்கும். படித்ததை மெமரியில் வைத்துக்கொண்டு ஓடும். நீங்கள் ஃபைலைத் திருத்திச் சேமித்தது ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்குத் தெரியாது. ரீலோடு செய்தாலோ (நிறுத்தாமல் கான்ஃபிக்கை மட்டும் மறுபடி படிக்க வைப்பது), ரீஸ்டார்ட் ஆனாலோ, மெஷின் அணைந்து எழுந்தாலோதான் புது ஃபைல் படிக்கப்படும். சேமிப்பது ஒரு வேலை, அமலாவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் சோதித்துப் பார்க்க ஓர் இடைவெளி கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால், பிழை அடுத்த மின்தடை வரைக்கும் அங்கேயே படுத்திருக்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. சூடோ என்பது ரூட்டின், அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கின், பெயரில் கட்டளையை ஓட்டுவது; அதை யார் அடிக்கலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைல் ஒவ்வொரு முறை சூடோ அடிக்கும்போதும் படிக்கப்படுகிறது. வெப் சர்வரான அப்பாச்சியின் .ஹெச்டிஆக்சஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் படிக்கப்படுகிறது. நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரான் தன் பட்டியலை நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். இவற்றில் சேமித்த கையோடு அமலாகிவிடும், இடைவெளியே கிடையாது. அதனால் இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆர்டர் சர்வர், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் கணக்கு சர்வர், கோவை ஃபவுண்டரியில் டிராயிங் வைத்திருக்கும் ஃபைல் சர்வர் என்று எதுவானாலும், உள்ளே உபுண்டு, டெபியன், ராக்கி, அல்மா என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்று ஓடினால் கீழே உள்ளது பொருந்தும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். அடிப்பது ஆங்கிலத்தில், பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்திலெல்லாம் சிறிய எழுத்து. தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகளுக்கு எந்தச் சொல்லின் எழுத்து என்று கூடவே சொல்லியிருக்கிறோம்.

கை வைக்கும் முன்

முதலில், எந்த ஃபைல் உண்மையில் படிக்கப்படுகிறது என்று உறுதி செய்யுங்கள். தவறான ஃபைலை ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டிருப்பது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும். டெபியன், உபுண்டுவில் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் இருப்பவை வெறும் இணைப்புகள். அசல் ஃபைல் சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் இருக்கிறது. இணைப்பு எங்கே காட்டுகிறது என்று பார்க்க:

ரீட்லிங்க் -எஃப் /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-எனேபிள்டு/ஆர்டர்

அசல் கிடைத்ததும் நகல் எடுங்கள். நகலைத் தேதியோடு, வேறு ஃபோல்டரில் வையுங்கள்:

சூடோ எம்கேடிர் -பி /ரூட்/பேக்கப்
சூடோ சிபி -ஏ /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள்/ஆர்டர் /ரூட்/பேக்கப்/ஆர்டர்.20250614

-பி, சிபி இரண்டிலும் 'பேஸ்ட்'டின் பி. இரண்டாவது கட்டளையில் -ஏ முக்கியம். ஃபைலின் உரிமையாளர், அனுமதிகள், நேரம் எல்லாம் அப்படியே நகலாகும். திரும்பப் போடும்போதும் அதே -ஏ போட்டால் பழைய அனுமதியோடு வந்து உட்காரும். ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம்: இணைப்பு ஒன்றை -ஏ போட்டு நகலெடுத்தால் இணைப்புதான் நகலாகும், உள்ளடக்கம் ஆகாது. அசலைக் கண்டுபிடிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வேறு ஃபோல்டர் எதற்கு? உபுண்டுவின் என்ஜின்எக்ஸ், சைட்ஸ்-எனேபிள்டில் இருக்கும் எல்லா ஃபைலையும் பெயர் பார்க்காமல் படிக்கும். அங்கேயே ஆர்டர்.பழசு என்று ஒரு நகலை விட்டுவைத்தால் பழையதும் புதியதும் ஒட்டுக்கா ஏறும். ஒரே சைட் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று எச்சரிக்கை வரும், எது ஜெயிக்கிறது என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். கான்ஃப்.டி ஃபோல்டரில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே .கான்ஃப் என்று முடிகிறவை மட்டும் படிக்கப்படும்.

அடுத்தது டிமக்ஸ், தொடர்பு அறுந்தாலும் சர்வரில் உங்கள் வேலையை உயிரோடு வைத்திருக்கும் ப்ரோகிராம். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைந்து, வேலை செய்யும்போது உங்கள் பக்கம் மின்சாரம் போனாலோ நெட் அறுந்தாலோ எடிட்டரும் சேர்ந்து செத்துப்போகும். சர்வருக்குள் நுழைந்ததும் டிமக்ஸ் நியூ -எஸ் வேலை என்று அடித்துவிட்டு அதற்குள் வேலை செய்யுங்கள். தொடர்பு அறுந்தால் திரும்ப உள்ளே போய் டிமக்ஸ் அட்டாச் -டி வேலை என்று அடித்தால் போதும் ('டார்கெட்'டின் டி). கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும்.

நானோ

டெபியன், உபுண்டுவில் வழக்கமாகக் கிடைக்கும் எடிட்டர் நானோ. 1999-ல் வேறு பெயரில் தொடங்கி அடுத்த ஆண்டே இந்தப் பெயருக்கு மாறியது. கீழ் இரண்டு வரியில் சாவிகள் எழுதியே இருக்கும். அங்கே காணும் தொப்பிக்குறி கண்ட்ரோல் பட்டனைக் குறிக்கிறது, பெரிய எம் ஆல்ட் பட்டனைக் குறிக்கிறது.

சூடோ நானோ -எல் +42 /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள்/ஆர்டர்

-எல் வரி எண்களைக் காட்டும், +42 நேராக 42-ஆம் வரியில் கொண்டுபோய் நிறுத்தும். பிழைச் செய்தி வரி எண்ணோடு வரும்போது இது பெரிய வசதி. தேட கண்ட்ரோல் டபிள்யூ. வரி எண்ணுக்குப் போக ஆல்ட் ஜி. ஒரு வரியை வெட்ட கண்ட்ரோல் கே, ஒட்ட கண்ட்ரோல் யூ. செய்ததைத் திரும்பப் பெற ஆல்ட் யூ. சேமிக்க கண்ட்ரோல் ஓ. ஃபைல் பெயரைக் கேட்கும், அதை மாற்றாமல் என்டர் தட்டுங்கள். வெளியே வர கண்ட்ரோல் எக்ஸ்.

பழைய சர்வர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 2019-ல் வந்த 4.0 பதிப்புக்கு முந்தைய நானோ, நீளமான வரியைத் திருத்தும்போது அதைத் தானாக உடைத்து இரண்டாக்கிவிடும். எஃப்எஸ்டேப் (டிஸ்க்குகளின் பட்டியல்), க்ரான்டேப் (க்ரானின் பட்டியல்) போன்றவற்றில் ஒரு வரி என்பது ஒரு முழுப் பதிவு. உடைந்தால் இரண்டு பாதியுமே குப்பை. நானோ --வெர்ஷன் என்று கேட்டுப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறையும் -டபிள்யூ சேர்த்துத் திறங்கள்.

தொடர்பு அறுந்து நானோ செத்தால், திருத்திக்கொண்டிருந்ததை அதே பெயரோடு .சேவ் ஒட்டிய ஒரு ஃபைலில் எழுதிவிட்டுத்தான் சாகும். அதே ஃபோல்டரில் தேடுங்கள். எடுத்துக்கொண்ட பிறகு அதை அழித்துவிடுங்கள். சைட்ஸ்-எனேபிள்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே.

விம்

நானோ போதாதா என்று கேட்டால், பெரும்பாலான நாட்களில் போதும். ஆனாலும் விஐ கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 1976-ல் பில் ஜாய் எழுதிய விஐ, யூனிக்ஸ் வகை சிஸ்டம்களுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இடம்பெற்றது. நானோ இல்லாத மெஷின் உண்டு. விஐயோ அதன் வழிவந்த ஒன்றோ இல்லாத மெஷினைக் காண்பது அரிது. சர்வர் முழுதாக எழ முடியாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுகொண்டிருக்கும் ராத்திரியில் கையில் கிடைப்பது அதுவாகத்தான் இருக்கும். இன்று விஐ என்று அடித்தால் பெரும்பாலும் திறப்பது, பிராம் மோலனார் 1991-ல் வெளியிட்ட விம்.

விம்மில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். திறந்ததும் அது எழுதும் நிலையில் இருக்காது, கட்டளை நிலையில் இருக்கும். அப்போது தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ஐ தட்டினால் எழுதும் நிலைக்குப் போகும், கீழே இன்சர்ட் என்று காட்டும். எஸ்கேப் தட்டினால் கட்டளை நிலைக்குத் திரும்பும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று குழம்பினால் எஸ்கேப்பை இரண்டு தரம் தட்டுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

கட்டளை நிலையில் தேவைப்படுபவை கொஞ்சம்தான். 'டெலீட்'டின் டியை இரு முறை தட்டினால் வரி நீங்கும். ஒய்யை இரு முறை தட்டினால் வரி நகலாகும், 'பேஸ்ட்'டின் பி தட்டினால் கீழே ஒட்டும். யூ தட்டினால் கடைசியாகச் செய்தது நீங்கும், கண்ட்ரோல் ஆர் அதைத் திரும்பக் கொண்டுவரும். 42 தட்டிப் பெரிய ஜி தட்டினால் 42-ஆம் வரி. சாய்கோடு போட்டுச் சொல்லை அடித்தால் தேடும், என் தட்டினால் அடுத்த இடம். :டபிள்யூ சேமிக்கும், :டபிள்யூக்யூ சேமித்து வெளியேறும், :க்யூ! சேமிக்காமல் வெளியேறும்.

கடைசியில் சொன்னதுதான் உங்கள் உயிர்நாடி. என்ன செய்தோம் என்றே தெரியாமல் எதையோ தட்டிவிட்டால் சீர்செய்ய முயலாதீர்கள். எஸ்கேப், :க்யூ!, என்டர். டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் தொடப்படாமல் அப்படியே இருக்கும். புதிதாகத் திறந்து மறுபடியும் தொடங்குங்கள்.

ஃபைல் முழுக்க மாற்ற:

:%எஸ்/8080/8090/ஜிசி

கடைசியில் உள்ள சி ஒவ்வோர் இடத்திலும் 'மாற்றட்டுமா' என்று கேட்க வைக்கும். சர்வர் ஃபைலில் அந்தச் சி இல்லாமல் இந்தக் கட்டளையை அடிக்காதீர்கள். 18080 என்று வேறெங்காவது இருந்தால் அதற்குள் உள்ள 8080-உம் மாறிப்போகும். ஐபி முகவரியைத் தேடும்போது ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் பின்சாய்கோடு போடுங்கள். போடாவிட்டால் புள்ளி என்பது 'எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள்படும்.

வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிந்துகொண்டே போனால், விம் தானாக இடம் விடுகிறது என்று அர்த்தம். ஒட்டுவதற்கு முன் :செட் பேஸ்ட், ஒட்டிய பின் :செட் நோபேஸ்ட்.

விண்டோஸ் பழக்கத்தில் கண்ட்ரோல் எஸ் தட்டினால் திரை உறைந்து நிற்கும். விம் செத்துவிடவில்லை, டெர்மினல் காட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கண்ட்ரோல் க்யூ தட்டினால் விடும். கண்ட்ரோல் இசட் தட்டினால் எடிட்டர் காணாமல் போய்ப் பிராம்ப்ட் வரும். அது பின்னால் காத்திருக்கிறது, எஃப்ஜி என்று அடித்தால் திரும்ப வரும். அதை மறந்து அதே ஃபைலை மறுபடியும் திறந்தால்தான் ஸ்வாப் எச்சரிக்கை வருகிறது.

அந்த எச்சரிக்கை பலரையும் பயமுறுத்துகிறது. விம் திருத்தும்போது அதே ஃபோல்டரில் .எஸ்டபிள்யூபி என்று முடியும் மறைவு ஃபைல் ஒன்றை வைத்துக்கொள்ளும், அதுதான் ஸ்வாப் ஃபைல். 200 எழுத்து அடித்ததும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், மாற்றங்களை அதில் எழுதும். மின்சாரம் போனால் மிச்சம் இருப்பது அதுதான். எச்சரிக்கையில் ப்ராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் 'இன்னும் ஓடுகிறது' என்று இருந்தால் யாரோ, அல்லது நீங்களே, வேறு ஜன்னலில் திறந்து வைத்திருக்கிறீர்கள்; க்யூ தட்டி வெளியேறுங்கள். ஓடவில்லை என்றால் ஆர் தட்டி மீட்டெடுங்கள், டிஸ்க்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், சேமியுங்கள், பிறகு அந்த ஸ்வாப் ஃபைலை அழியுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் இதே எச்சரிக்கைதான்.

நம் ஊரில் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுவோம். கணினியில் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் விம்மின் கட்டளை நிலை எதற்குமே அசையாது, :க்யூ! கூட வேலை செய்யாது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். குறிப்பு வரிகளைத் தமிழில் எழுதலாமா என்றால், டெர்மினல் யுடிஎஃப்-8-ல் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் பல டெர்மினல்கள் தமிழின் கொம்பையும் காலையும் சரியாக வைப்பதில்லை. கர்சர் ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று ஆகும். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுவது எங்கள் தேர்வு.

ரூட்டாக எடிட்டரைத் திறக்காமல்

சூடோ விம் என்று திறந்தால் எடிட்டர் முழுவதும் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. சூடோஎடிட் இதைவிட நல்லது. ஃபைலின் தற்காலிக நகலை உங்கள் பெயரிலேயே திறக்கும், நீங்கள் வெளியே வந்த பிறகுதான் அசலில் எழுதும். நீங்கள் :டபிள்யூ அடித்தாலும் அசல் மாறாது என்பதால், வெளியே வராமல் ரீலோடு செய்தால் பழையதே படிக்கப்படும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்த எடிட்டர் திறக்கும் என்பதை எடிட்டர் என்ற பெயருள்ள மாறி தீர்மானிக்கிறது. அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

சூடோயர்ஸ் ஃபைலை எந்த எடிட்டரிலும் நேரடியாகத் திறக்காதீர்கள், விசூடோ மட்டும்தான். சேமிக்கும்போது இலக்கணம் பார்க்கும். பிழை இருந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்கும். ஈ தட்டினால் திரும்பத் திருத்தலாம், எக்ஸ் தட்டினால் மாற்றத்தைக் கைவிடும். பெரிய க்யூ தட்டினால் பிழையோடு சேமித்துவிடும். அதன்பின் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், சரிசெய்யவும் சூடோ தேவைப்படும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

வரி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சர்வீஸ் ஏற்க மறுக்கிறது. இப்படி ஆனால் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டிய வரியாக இருக்கும். நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கும். இரண்டு ஹைஃபன் சேர்ந்து ஒரு நீளக்கோடாகியிருக்கும். சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி உட்கார்ந்திருக்கும். இவற்றை வெளிக்கொண்டுவர:

கேட் -ஏ ஃபைல்பெயர்

இங்கே ஏ பெரிய எழுத்து. சுத்தமான வரி டாலர் குறியோடு முடியும். டாலருக்கு முன் தொப்பிக்குறியும் பெரிய எம்மும் இருந்தால் அது விண்டோஸ் நோட்பேடில் சேமித்த ஃபைல். தொப்பிக்குறியும் பெரிய ஐயும் டேப். எம், ஹைஃபன், அப்புறம் விநோத எழுத்துகள் வந்தால் அங்கே வளைந்த மேற்கோள் போன்ற ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை அழித்துக் கையால் அடியுங்கள்.

விண்டோஸ் வரிமுடிவை விம்மில் :செட் எஃப்எஃப்=யூனிக்ஸ் என்று மாற்றிச் சேமிக்கலாம். ஷெல் ஸ்கிரிப்டில் இது இருந்தால், பாஷ் அங்கேயே இருந்தும் அதைக் காணோம் என்று செய்தி வரும். யாம்ல் ஃபைலில், உதாரணமாக உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளானில், உள்தள்ளலுக்கு டேப் போடக் கூடாது. இடைவெளி மட்டும்தான், ஒரே தட்டில் உள்ளவை எல்லாம் ஒரே அளவில்.

சோதனை

சேமித்தாயிற்று. ரீலோடு செய்ய இன்னும் நேரம் வரவில்லை. கட்டிங் மாஸ்டர் மார்க்கர் தாளை விரித்துப் பார்க்காமல் துணியில் கத்தி வைப்பதில்லை. இங்கே மார்க்கர் விரிப்பது இரண்டு கட்டளை. முதலாவது, உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று நகலோடு ஒப்பிடுவது:

சூடோ டிஃப் -யூ /ரூட்/பேக்கப்/ஆர்டர்.20250614 /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள்/ஆர்டர்

கழித்தல் குறியோடு வருவது பழைய வரி, கூட்டல் குறியோடு வருவது புதியது. ஒரு வரி மாற்ற உட்கார்ந்தவருக்கு டிஃப் மூன்று வரி மாறியதாகக் காட்டினால் எங்கோ கை தவறியிருக்கிறது. விம்மில் தெரியாமல் தட்டிய எக்ஸ் ஓர் எழுத்தைத் தின்றிருப்பது இங்கேதான் பிடிபடும்.

இரண்டாவது, அந்தந்த சர்வீஸின் சொந்தச் சோதனை. என்ஜின்எக்ஸுக்கு என்ஜின்எக்ஸ் -டி, எஸ்எஸ்ஹெச்சுக்கு எஸ்எஸ்ஹெச்டி -டி, இரண்டிலும் 'டெஸ்ட்'டின் டி. அப்பாச்சிக்கு அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட். ஃபைல் சர்வரான சாம்பாவுக்கு டெஸ்ட்பார்ம். பைண்டுக்கு நேம்டு-செக்கான்ஃப். போஸ்ட்ஃபிக்ஸுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் செக். ஸ்க்விட்டுக்கு ஸ்க்விட் -கே பார்ஸ். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ.

என்ஜின்எக்ஸ் ஒரு வரி எண்ணைச் சொன்னால் அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால், என்ஜின்எக்ஸ் அடுத்த வரியையும் அதன் தொடர்ச்சியாகவே படித்துக்கொண்டு போகும். தடுக்கி விழும் இடத்தைத்தான் அது சொல்லும், தப்பு இருப்பது பெரும்பாலும் மேலே.

சாம்பா நேர் எதிர். எழுத்துப்பிழையான சொல்லை டெஸ்ட்பார்ம் 'தெரியாத பெயர்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடும். சர்வீஸும் அந்த வரியைப் புறக்கணித்துவிட்டு ஓடும். பாதுகாப்புக்காகப் போட்ட வரி இப்படிப் புறக்கணிக்கப்பட்டால் ஃபோல்டர் திறந்தே கிடக்கும். அதனால் டெஸ்ட்பார்ம் கக்குவதை மேலிருந்து படியுங்கள்.

இலக்கணம் சரி என்றால் பொருளும் சரி என்று ஆகிவிடாது என்பதும் இதோடு சேர்ந்தது. 8090 என்று போட வேண்டிய இடத்தில் 8900 போட்டால் எந்தச் சோதனையும் பிடிக்காது.

ரீலோடா, ரீஸ்டார்ட்டா

ரீலோடு முடிகிற இடத்தில் ரீலோடுதான். என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யும்போது புது கான்ஃபிக் தவறாக இருந்தால் பழையதோடு தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் செய்தால் முதலில் நிறுத்திவிடும், பிறகு புதிதாகத் தொடங்கப் பார்த்துத் தோற்கும். சைட் கீழே விழுந்துவிட்டது. ஷிஃப்ட் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு சின்னதல்ல.

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோடு என்ஜின்எக்ஸ்
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ஜின்எக்ஸ்
சூடோ ஜர்னல்சிடிஎல் -யூ என்ஜின்எக்ஸ் -என் 30

கடைசிக் கட்டளை அந்த சர்வீஸின் லாகில் கடைசி 30 வரியைக் காட்டும். ஸ்டேட்டஸ் பச்சையாக இருந்தாலும் இதைப் பாருங்கள். ரீலோடு தோற்றுப் பழையதோடே ஓடிக்கொண்டிருக்கலாம்.

எஸ்எஸ்ஹெச்: நீங்கள் நிற்கும் கிளை

கோவையில் உட்கார்ந்துகொண்டு எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உள்ள சர்வரின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கைத் திருத்துவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. ஆனால் முறையோடு செய்தால் பயமில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் அறுவதில்லை. புது இணைப்புகளுக்குத்தான் புது கான்ஃபிக். அதனால் முதல் ஜன்னலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் முதல் ஜன்னலை மூடலாம். முடியாவிட்டால் முதல் ஜன்னலிலிருந்து பேக்கப்பைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதிலே அதிகம் பேர் இடறும் இடம்: கடவுச்சொல் வழியை மூடப் பிரதான ஃபைலில் 'நோ' என்று போட்டிருப்பார்கள், ஆனாலும் கடவுச்சொல் வேலை செய்யும். காரணம், எஸ்எஸ்ஹெச்டி ஒரே அமைப்பைப் பல இடத்தில் பார்த்தால் முதலில் பார்த்ததை எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் பிரதான ஃபைலின் தொடக்கத்திலேயே எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. அங்கே கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரை முதல் பூட்டில் அமைக்கும் ப்ரோகிராம்) போட்ட ஃபைல் ஒன்றில் 'யெஸ்' என்று இருந்தால் அதுதான் முதலில் வரும், கீழே நீங்கள் எழுதியது எடுபடாது. கடைசியில் எது அமலாகும் என்று கேட்க எஸ்எஸ்ஹெச்டி -டி, இந்த முறை டி பெரிய எழுத்து. முழுப் பட்டியலும் வரும். அதில் பாஸ்வேர்ட் வரியைப் பாருங்கள்.

போர்ட்டை மாற்றுவதானால் புதுப் போர்ட்டை ஃபயர்வாலில் முதலில் திறவுங்கள். ராக்கி, அல்மாவில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்குக்கும் அந்தப் போர்ட்டைச் சொல்ல வேண்டும். உபுண்டு 24.04-ல், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட்தான் போர்ட்டில் காத்திருக்கிறது. ஆகவே சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு அடித்து, எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் மாறும்.

இன்னும் பலமான காப்பு வேண்டுமானால், திருத்துவதற்கு முன்பே திரும்பும் வழியை நேரம் வைத்துக் கட்டிவிடுங்கள்:

சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=10மின் --யூனிட்=திரும்பு /பின்/எஸ்ஹெச் -சி 'சிபி -ஏ /ரூட்/பேக்கப்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.20250614 /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் && சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்'

10 நிமிடத்தில் பழைய ஃபைல் தானாக வந்துவிடும். உபுண்டு, டெபியனில் சர்வீஸின் பெயர் எஸ்எஸ்ஹெச். ராக்கி, அல்மாவில் கடைசியில் ஒரு டி சேரும் ('டெலீட்'டின் டி). எல்லாம் சரியாகி உள்ளே நுழைய முடிந்ததும் சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் திரும்பு.டைமர் என்று நிறுத்துங்கள். நிறுத்த மறந்தால் நல்ல ஃபைலும் போய்விடும்.

நெட்வொர்க்கைத் திருத்தும்போது நெட்பிளானில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அப்ளைக்குப் பதிலாக நெட்பிளான் ட்ரை என்று அடித்தால் 120 விநாடிக்குள் என்டர் தட்டச் சொல்லும்; தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும்.

எஃப்எஸ்டேப்

பூட்டில் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் மவுன்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று சொல்லும் ஃபைல் இது. மின்தடை நாளில் காட்டிக்கொடுக்கும் ஃபைல்களில் முதலிடம் இதற்குத்தான். புது டிஸ்க் போட்டு, கையால் மவுன்ட் செய்து, ஃபைலில் ஒரு வரியும் எழுதியாயிற்று. மவுன்ட் ஏற்கெனவே இருப்பதால் வரி தவறென்று தெரியாது. அடுத்த பூட்டில் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கும், கிடைக்கவில்லை என்றால் எமர்ஜென்சி மோடுக்குப் போய் நின்றுவிடும். எஸ்எஸ்ஹெச் இருக்காது, மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு சர்வர் ரூமுக்குப் போக வேண்டும்.

டிஸ்க்கை எஸ்டிபி1 மாதிரிப் பெயரால் எழுதாதீர்கள், அந்தப் பெயர் அடுத்த பூட்டில் வேறு டிஸ்க்குக்குப் போகலாம். பிளாக்கைடி காட்டும் யூயூஐடியை எழுதுங்கள். பேக்கப் டிஸ்க் போல, இல்லாவிட்டாலும் சர்வர் எழ வேண்டிய எதற்கும் நோஃபெயில் சேருங்கள். சேமித்ததும்:

சூடோ ஃபைன்ட்மவுன்ட் --வெரிஃபை
சூடோ யூமவுன்ட் /டேட்டா
சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு
சூடோ மவுன்ட் -ஏ

முதல் கட்டளையின் பெயரில் ஃபைன்ட் என்பதற்கு எழுத்து எஃப்-ஐ-என்-டி, மவுன்ட் என்பதற்கு எம்-என்-டி மட்டும். இரண்டாவதில் அன்மவுன்ட் என்று முழுதாக அடிக்காதீர்கள், யூ-க்குப் பின் நேராக மவுன்ட். அவிழ்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினால்தான் ஃபைலில் உள்ள வரி நிஜமாகச் சோதிக்கப்படுகிறது.

எமர்ஜென்சி மோடில் மாட்டிக்கொண்டால்: பூட் டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கலாம், அப்போது சேமிக்க விடாது. மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ / என்று அடித்து எழுதத் திறவுங்கள். பிறகு விஐயில் அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்து ரீபூட் செய்யுங்கள்.

சேமிக்கவே விடவில்லை என்றால்

சூடோ மறந்து திறந்திருந்தால் விம் படிக்க மட்டும் என்று சொல்லும். நிறையத் திருத்திவிட்டீர்கள் என்றால் :டபிள்யூ !சூடோ டீ % என்று அடித்துக் காப்பாற்றலாம். ரூட்டாக இருந்தும் மறுத்தால் டிஎஃப் -ஹெச் பாருங்கள், டிஸ்க் நிறைந்திருக்கும். நிறைந்த டிஸ்க்கில் சேமிக்க முயன்றால் ஃபைல் காலியாகவே போய்விடலாம். எடிட்டரை மூடாமல், வேறு ஜன்னலில் பழைய லாகுகளை அழித்து இடம் செய்துவிட்டு அப்புறம் சேமியுங்கள். இடமும் இருக்கிறது என்றால் எல்எஸ்அட்டர் பாருங்கள். யாரோ ஐ என்ற பூட்டைப் போட்டிருக்கலாம், சிஹெச்அட்டர் -ஐ என்றால் திறக்கும். ஆனால் ஏன் போட்டார்கள் என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள்.

எடிட்டரைத் திறக்காமலே ஃபைலை மாற்றும் செட் என்ற கட்டளையை (கடைசி எழுத்து 'டெலீட்'டின் டி) -ஐ சேர்த்து அடித்து ஒரு வரியை மாற்றுவது சுளுவு. ஆனால் அது புது ஃபைலை எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. சைட்ஸ்-எனேபிள்டு இணைப்பின்மேல் அடித்தால் இணைப்பு போய்த் தனி ஃபைலாகிவிடும். பிறகு அசலை எத்தனை முறை திருத்தினாலும் ஒன்றும் மாறாது. ப்ரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரில் ஒற்றை ஃபைலாக உள்ளே கொடுத்த கான்ஃபிக்கிலும் இதே கதை. விம்மும் சில நேரம் இப்படித்தான் சேமிக்கும். வெளியே ஃபைல் மாறியிருக்கும், கன்டெய்னர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது ஃபோல்டரையே உள்ளே கொடுங்கள்.

பராமரிப்பு அறிவிப்பு வந்ததும்

முந்தின நாள் சாயங்காலம், ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு, சர்வர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்களாகவே ஒரு ரீபூட் கொடுங்கள். எழுந்ததும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு அடியுங்கள். பட்டியல் காலியாக இருக்க வேண்டும். தேவையான ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு கேளுங்கள். கையால் தொடங்கி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது பூட்டில் தானாக எழ வேண்டும் என்றில்லை. எது எழவில்லையோ அதை /ரூட்/பேக்கப்பில் உள்ள நகலோடு டிஃப் செய்து, மின்சாரம் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.